தயிர்ச் சட்டியும் இரண்டு கோபுரமும்

நேற்றுக் காலை பத்து மணி வெயிலில், கையில் ஒரு தயிர்ச் சட்டியோடு நமது மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்தை மூன்று தரம் சுற்றினேன். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. மச்சான் சுற்றச் சொன்னான், சுற்றினேன்.

முதல் நாள் இரவு அவனிடமிருந்து அழைப்பு. "மச்சான், அம்மா கேட்ட திரைச்சீலைத் துணி 22 யார் நீளத்துக்கு எடுத்துவிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வா." அவ்வளவுதான், வைத்துவிட்டான். அவன் என்றைக்கு ஒரு செய்தியை முழுதாகச் சொல்லியிருக்கிறான்? தனக்குக் கலியாணம் பேசி முடித்ததையே பெண்ணின் பெயரைச் சொல்லாமல் அறிவித்தவன். மாமாவின் திவசம் வருகிறது, இரவு ரயிலில் புறப்பட்டிருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எருமைத் தயிர் என்றால் உயிரை விடுவானே என்று வழியில் ஒரு சட்டியும் வாங்கினேன்.

"எங்கே நிற்கிறாய்?"

"கோபுரத்தடியில்."

"நானும் கோபுரத்தடியில்தான் நிற்கிறேன். பஸ் போகிற பக்கமா?"

"பஸ் போகிற பக்கம்தான். பக்கத்தில் ஒருவர் அன்னாசி வெட்டி விற்கிறார்."

என் பக்கத்தில் இருந்தவர் விற்றது மாங்காய். "அப்படியென்றால் நீ மறுபக்கம். கிறுகி வா" என்றேன். அவன் கிறுகினான், நானும் கிறுகினேன். இரண்டு பேரும் ஒரே திசையில் சுற்றினால் எந்த யுகத்தில் சந்திப்பது என்று மூன்றாம் சுற்றை இடமாகச் சுற்றினேன். போக்குவரத்துப் பொலிஸ்காரர் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது. என் மச்சானின் வயிற்றை மறைக்கிற அளவுக்குப் பருமனான கோபுரம் இந்த நாட்டில் இன்னும் கட்டப்படவில்லை.

"இதோ கல்வெட்டுக்கு நேரே நிற்கிறேன். 'கான்' என்று எழுதியிருக்கிறது, தெரியவில்லையா?" என்று கத்தினான்.

"கானா? மச்சான், நீ எந்த ஊரில் நிற்கிறாய்?"

"கொழும்பில், புறக்கோட்டையில். நீ?"

காந்தி பூங்காவையும் வாவியையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். பதில் சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். புதன்கிழமை நான் கொழும்புக்குப் போவதாக இருந்தது. பயணத்தைத் தள்ளிப்போட்டதை மாமியிடம் சொன்னேன். மாமி அதை நாவற்குடா முழுவதற்கும் சொல்லியிருக்கிறார், மகனைத் தவிர.

ஆனால் மாமியை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த வியாதியை எங்கள் குடும்பத்துக்குக் கொண்டு வந்தவர் மாமா. கடைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவார். புறக்கோட்டையில் இறங்கியதும் முதல் கட்டளை: "தொலைந்தால் அழக்கூடாது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போய் நில்லுங்கள். நான் வருவேன்." ஒன்பது வயதில் மச்சான் உண்மையாகவே தொலைந்தான். யாரோ ஒரு புண்ணியவான் வழி காட்ட, கோட்டைக்குள் இருக்கிற மற்ற மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போய், சொன்னபடி அழாமல் நின்றான். அது 1857இல் கட்டியது, பிறகு வெளிச்சவீடாகவும் இருந்தது. மாமா இரண்டு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார். அழுதவர் அவர்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் பாடம் நடக்கும். கோட்டை வேறு, புறக்கோட்டை வேறு. கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் புறக்கோட்டை. சிங்களத்தில் பிட்டகொட்டுவ என்றாலும் அதே பொருள்தான். "வெள்ளைக்காரன் நம்முடைய பேட்டையைக் கொண்டுபோய்ப் பெட்டா ஆக்கிவிட்டான். நாம் அதை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டோம்" என்று செட்டியார் தெரு முனையில் நின்று சிரிப்பார். எங்களுக்குப் பசிக்கும்.

நேற்றும் மச்சான் தொலைபேசியை வைக்கவில்லை. வந்ததற்கு என்ன எழுதியிருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று கல்வெட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்தான். இத்தனை வருடம் அதன் அடியில் நின்றும் நாங்கள் வாசித்ததில்லை. ஃபிராம்ஜி பிகாஜி கான் என்பவரின் நினைவாக அவருடைய மகன்மார் இருவர் கட்டியதாம், கோபுரத்தோடு நீரூற்றும் சேர்த்து. பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் என்று எனக்குத் தெரியும். நகர மக்களுக்கு அதைக் கையளித்த நாள் 1923 ஜனவரி 4. "அவருடைய நினைவு நாளாம், மச்சான்."

பிறகு கொஞ்ச நேரம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. எந்த ஊர் பஸ் என்று தெரியவில்லை.

"அப்பாவுக்கு நாங்கள் என்ன கட்டினோம்?" என்றான்.

"திரைச்சீலை கட்டப்போகிறோம்" என்றேன்.

அவன் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் ஒப்பித்தேன். "இரண்டு பேரும் சொன்ன இடத்தில்தானே நின்றிருக்கிறீர்கள், பிறகென்ன?" என்று சொல்லிவிட்டுத் தயிர்ச் சட்டியை வாங்கி உள்ளே வைத்தார். வெயிலில் சுற்றியதில் அது என் முகத்தைப் போலப் புளித்திருந்தது.

இன்று காலை மறுபடி அழைப்பு. துணியை இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறானாம், விடிய வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எந்த இடத்தில் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.