தங்ளின் தாரா எழுதிய தொடர்கதை

சிங்கப்பூரில் நாம் படித்த பள்ளியின் பழைய மாணவியர் சங்கத்தின் பெர்த் கிளையிலிருந்து, சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஆண்டு விழா, வலைப்பந்துக் கோப்பை பற்றியெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கும், நான் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பாடப் புத்தகமா என்று கேட்டார்கள். இல்லை. உயர்நிலை மூன்றில் நம் தமிழ் வகுப்பே மேசைக்கு அடியில் வைத்துப் படித்த ‘ஸ்வீட் வேலி ஹை’ வரிசையைப் பற்றி.

நமக்குப் பின்னால் வந்த தங்கைகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1983இல் அமெரிக்காவில் வரத் தொடங்கிய வரிசை அது. கலிஃபோர்னியாவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஓர் ஊர். அங்கே ஜெசிக்கா, எலிசபெத் என்று இரட்டையர். முகமும் பொன்னிற முடியும் ஒன்று, குணம் வேறு. ஒருத்தி வாலு, ஒருத்தி சாது. இவர்கள் வீட்டில் வசதி உண்டு, ஆனால் பெரிய பணம் லைலா ஃபவுலர் வீட்டிலும் புரூஸ் பேட்மன் வீட்டிலும்தான். புரூஸ் கறுப்பு போர்ஷேயில் சுற்றுவான். லைலாவின் அப்பா பாதி நாள் ஊரிலேயே இருக்க மாட்டார், அதற்குப் பதிலாக மகள் கேட்டதெல்லாம் கிடைக்கும்.

பள்ளிப் பத்திரிகையில் யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்று எழுத ஒரு பத்தி உண்டு. அதை எழுதுபவள் வாலு இல்லை, சாது. அந்த வயதிலும் எனக்கு இது விநோதமாகப் படவில்லை. நம் வகுப்பிலும் வம்பெல்லாம் நல்ல பிள்ளைகளிடம்தான் முதலில் போய்ச் சேரும். அவர்களை நம்பித்தானே எல்லாரும் சொல்வார்கள்!

நூற்றுக்கு மேல் புத்தகங்கள் வந்தும் அந்தப் பெண்களுக்கு வயது பதினாறுதான். ஒரு நாள் நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “இத்தனை புத்தகமா அதே வகுப்பா? ஃபெயிலாகிட்டாங்களா?”

சரி, நம் வகுப்புக்கு வருகிறேன். 1990. தாய்மொழிப் பாடத்துக்கு மணி அடித்ததும் சீன மாணவிகள் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நாமும் மலாய் மாணவிகளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நமக்குக் கிடைத்தது நிலவியல் வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த ஒடுக்கமான அறை. எல்லா வகுப்பிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தாலும் பத்துப் பதினைந்து பேர் தேறுவோம். மற்ற நேரத்தில் வசதியுள்ளவர்கள் வசதியுள்ளவர்களோடுதான் இருப்பார்கள். அந்த அறையில் அதற்கு இடமே இல்லை, ஆளுக்கு ஆள் முழங்கை இடிக்கும்.

புக்கிட் தீமா பங்களாவிலிருந்து வந்த வழக்கறிஞர் மகள் ஒருத்தி. சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர் மகள் ஒருத்தி. மற்றவர்கள் தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் என்று வீவக (அரசாங்க அடுக்குமாடி) மூவறை, நாலறை வீட்டுப் பிள்ளைகள். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பெயர் போட மாட்டேன், படிக்கிறவர்களுக்கு யார் யார் என்று தெரியும்.

பங்களாக்காரிக்கு வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ்ப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொன்னால் கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் நடப்பதுபோல் நடப்பாள். கணிதத்திலும் விவாதத்திலும் எங்களைத் தூக்கி எறிபவள், அந்த அறையில் மட்டும் எங்கள் தயவில் இருந்தாள். அவளிடம்தான் ஸ்வீட் வேலி புத்தகங்கள் புத்தம் புதிதாக இருக்கும். நாங்கள் நூலகத்தில் எடுத்தவையோ முதுகு பிய்ந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், முடிவைச் சொல்ல ஆள் தேட வேண்டியவை. ஆக வியாபாரம் தானாக அமைந்தது. ஒரு கருத்தறிதல் பயிற்சிக்கு ஒரு புத்தகம். கட்டுரை என்றால் இரண்டு. அட்டையை மடிக்கக் கூடாது, சாப்பிட்டுக்கொண்டே படிக்கக் கூடாது. அவள் எழுதி வாங்கவில்லை என்பதுதான் குறை, வழக்கறிஞர் வீட்டுப் பெண் அல்லவா.

அந்தப் புத்தகங்களில் எங்களை வாய் பிளக்க வைத்தது பங்களாவோ நீச்சல் குளமோ அல்ல, கார். பதினாறு வயதில் தாங்களே ஓட்டுகிறார்கள்! இங்கே பதினெட்டு ஆக வேண்டும். அதோடு அந்த ஆண்டுதான் கார் வாங்குவதற்கு உரிமைச் சான்றிதழ் முறையும் வந்தது. காருக்குக் கொடுக்கும் காசு போதாதென்று காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கும் காசா என்று பெரிய வீடுகளிலேயே புலம்பல். நம் பங்களாக்காரி கூட டிரைவர் வந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும். நாங்களோ எம்ஆர்டி ரயிலில் எங்கே வேண்டுமானாலும் போவோம். அவளுக்கு அதில் பொறாமை இருந்ததென்று பிறகு சொன்னாள்.

கதை எழுதும் யோசனை யாருடையது என்று இன்றைக்கும் சண்டை உண்டு. பள்ளிச் சின்னம் போட்ட நோட்டு ஒன்றில் தமிழில் ஒரு ஸ்வீட் வேலி. இடம் சிங்கப்பூரின் தங்ளின் வட்டாரம். ஆசிரியர் பெயர் ‘தங்ளின் தாரா’. அப்படி யாரும் இல்லை, நாலைந்து பேர் மாறி மாறி எழுதினோம். அமெரிக்காவிலும் இதே கதைதான் என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். வரிசையை உருவாக்கிய பிரான்சின் பாஸ்கல் கதைச் சுருக்கம் கொடுப்பாராம், ஆளாளுக்கு எழுதி, அட்டையில் கேட் வில்லியம் என்று ஒரே பெயரைப் போடுவார்களாம்.

முதல் அத்தியாயத்திலேயே எங்களுக்குச் சிக்கல். பெரியவர்கள் இல்லாத வீட்டில் விருந்து நடக்க வேண்டும். அப்பா அம்மாவை எங்கே அனுப்புவது? மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினோம். பாட்டி? பாட்டியையும் கூடவே அனுப்பினோம். அப்போது அங் மோ கியோக்காரி கேட்டாள்: “பக்கத்து வீட்டில பாக்க மாட்டாங்களா?” அவள் புளோக்கில் ஒரு பையன் மின்தூக்கி பக்கம் நின்று பேசினால் எட்டாம் மாடிக்கு நீ போய்ச் சேர்வதற்குள் சேதி போயிருக்கும். ஒருவழியாகப் பையன்கள் வந்து, பாட்டுப் போட்டு, விளக்கை மங்கலாக்கிய நேரத்தில், எழுதிக்கொண்டிருந்தவளுக்கே பொறுக்காமல் ஒரு பெரியம்மாவை உள்ளே விட்டுவிட்டாள். கையில் டிஃபன் கேரியர். “பிள்ளைகள் தனியா இருக்குங்களேன்னு சாம்பார் கொண்டாந்தேன்.” ஐந்தாம் அத்தியாயம் முடிவதற்குள் கதையில் பையன்களைவிடப் பெரியம்மாக்கள் கூடிவிட்டார்கள்.

நோட்டு பங்களாக்காரியிடம் போய்த் திரும்பி வந்தபோது ஓரங்களில் பென்சில் குறிப்புகள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். ‘பெரியம்மா சொல்லாமல் வர மாட்டார். முதலில் போன் செய்வார்.’ ‘டிரைவர் உள்ளே சாப்பிட மாட்டார்.’ ‘சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. பணிப்பெண் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவாள்.’ அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘நாயகி டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள். சத்தத்துக்கு.’ தேதி தப்பு, ஊர்ப் பெயர் தப்பு என்று திருத்துவதுபோல்தான் எழுதியிருந்தாள். அதை வைத்து நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை அவளோடு பங்கு போட்டேன். அவள் கேட்டாள், கொடுத்தேன், அவ்வளவுதான்.

பணக்காரப் பிள்ளைகளின் கதை என்று விற்கப்படும் இந்த வகைப் புத்தகங்களில் பணத்தைவிடப் பெரிய வசதி ஆளில்லாத வீடு என்பது என் எண்ணம். அது இருந்தால்தான் விருந்து, காதல், சதி எல்லாம் நடக்கும். லைலாவின் அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவராக இருந்தால் பாதிக் கதை கிடையாது. எங்கள் மூவறை வீட்டில் எந்நேரமும் யாராவது இருந்தார்கள், அதனால் எங்களுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

நகைக்கடைக்காரர் மகளுக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்கு. எங்கள் கதையில் வரும் கடைக்காரர் மகள் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசுகிறவள். இரண்டாம் வாரமே அவள் தனி நோட்டு தொடங்கிவிட்டாள். சொல்லக் கூடாது, ஆனால் அவளுடையதுதான் நல்ல கதை. தமிழும் எங்களைவிட நயம். அவள் நாயகி தீபாவளிக்கு முந்திய வாரம் இரவு பதினொன்று வரை கல்லாவில் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறாள், கண் தூக்கத்தில் சொக்குகிறது, மறுநாள் இயற்பியல் சோதனை. நகை பார்க்க வருகிற வழக்கறிஞர் வீட்டம்மா அவளை வேலைக்காரப் பெண் என்று நினைத்து விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார். இந்த இடத்தைப் படித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

கேண்டீனில் மேசை மாறியது. அந்த மாதம் வந்த ஒரு பிறந்தநாளுக்கு ஆர்ச்சர்ட் சாலை சுவென்சன்ஸ் ஐஸ்கிரீம் கடைக்கு யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்பது ஐக்கிய நாட்டுச் சபை விவகாரம் ஆனது. என்னை இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள். எலுமிச்சைச் சாதம் ஒரு பக்கம், நகைக்கடைக்காரர் மகளிடம் இரவல் வாங்கிய பாவாடை தாவணி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் போனேன்.

பிறகு அந்தக் கடிதம். இரண்டு நோட்டில் எதில் செருகியிருந்தது என்பதைக்கூட ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். கையெழுத்து தெரியாமல் இருக்கப் பெரிய பெரிய எழுத்தில், நம்மில் ஒருத்தியை ஒரு பையனோடு பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததாக. கதை அல்ல, உண்மைப் பெயரோடு. அது எப்படியோ அவள் சித்தி காதுக்குப் போய், வருடம் முடியும்வரை அண்ணன் கூடவே வந்து விட்டு, கூடவே கூட்டிப் போனான். வாசலில் அந்த அண்ணன் மோட்டார் சைக்கிளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அவள் எங்கள் யாரோடும் பேசவில்லை. யார் எழுதினார்கள் என்று தெரியாததால் எல்லார் மேலும் சமமாகக் கோபப்பட்டாள். நியாயம்தான்.

டீச்சர் இரண்டு நோட்டையும் வாங்கிக்கொண்டார். விடுமுறை முழுக்க வயிற்றில் புளி கரைந்தது. திறந்த முதல் நாள் திருப்பிக் கொடுத்தார். கடிதம் இல்லை, கதையில் ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. “இந்தப் பிள்ளைகள் எல்லாம் ஓ நிலைத் தேர்வு எப்ப எழுதும்?” என்று மட்டும் கேட்டார். அதோடு தங்ளின் தாரா ஓய்வு பெற்றாள்.

2002இல் நியூயார்க் பணக்காரப் பிள்ளைகளை வைத்து ‘காசிப் கேர்ள்’ வந்தது. எழுதியவர் அந்த மாதிரிப் பள்ளியிலேயே படித்தவர். அதில் பெயர் தெரியாத ஒருவர்தான் எல்லார் வம்பையும் ஊருக்குச் சொல்வார். மகள் தொலைக்காட்சித் தொடராகப் பார்த்தபோது கூட உட்கார்ந்தேன், எனக்கு உடனே பெரிய பெரிய எழுத்தில் அந்தக் கடிதம்தான். 2018இல் சிங்கப்பூர்ப் பணக்காரர்களை வைத்து ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படமும் வந்தது. அதில் இந்திய முகம் என்று என் கண்ணில் நின்றது பெரிய வீட்டு வாசல் காவலர்கள். நகைக்கடைக்காரர் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். “என் நோட்டைப் படமா எடுத்திருக்கணும் லா” என்று பதில் வந்தது.

சென்ற ஆண்டு ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடினோம். பங்களாக்காரி மெல்பர்னிலிருந்து வந்திருந்தாள், தமிழ் இப்போது சரளம், மாமியார் உபயம். அவளும் நகைக்கடைக்காரர் மகளும் பில்லுக்கு அடித்துக்கொண்டார்கள், நான் தருகிறேன், நீ தராதே என்று, பரிமாறுகிறவர் தட்டோடு அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டிருந்தார். அண்ணன் காவலில் இருந்தவளும் வந்திருந்தாள். அந்தப் பையனைத்தான் கட்டிக்கொண்டாள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியாது.

கடிதம் எழுதியது யார் என்பதும் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. எழுதியவளே சொன்னாள். இங்கே போட்டால் மலர்க் குழு வெட்டிவிடும், குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், காரணம் புரியும். டிசம்பரில் பெர்த் வருகிறேன், நேரில் கேளுங்கள்.