கஞ்சி போட்ட பிறகுதான் வளைவு கூர்மையானது

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு, நான் தைக்கும் ஒட்டுப்போர்வையில் இருபதாவது கொண்டை ஊசி வளைவு வந்து உட்கார்ந்தது. முனை மழுங்கவில்லை, தையலுக்குள் போய் ஒளிந்துகொள்ளவும் இல்லை. வெள்ளை வேட்டித் துணியும் பச்சைச் சேலைத் துணியும் ஒரே புள்ளியில் சந்தித்தன. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்காமல் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு கண்ணு, போய்ப் படு" என்றாள். ஆனால் அவளும் விரலால் அந்தப் பாதையைக் கீழிருந்து மேலே தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஆடி மாதம் தொடங்கிய வேலை. இப்போது கார்த்திகை.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி: ஏற்காட்டில் இருக்கும் மாமாவுக்காக ஓர் ஒட்டுப்போர்வை. அடிவாரத்திலிருந்து மலைக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் டிசைன். மலைக்கு அம்மாயியின் (அம்மாவின் அம்மா) நூல் சேலைகள், பாதைக்குத் தாத்தாவின் வேட்டிகள். தாத்தா காப்பி மூட்டை ஏற்றிய லாரியை அந்தப் பாதையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். எந்த வளைவில் எங்கே ஹாரன் அடிக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அம்மாயி காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனவள். இரண்டு பேர் துணியும் ஒரே டிரங்குப் பெட்டியில் ஒன்பது வருஷம் கிடந்தன. யாருக்கும் தூக்கிப் போட மனம் வரவில்லை, எடுத்து உடுத்தவும் முடியவில்லை. வேறு என்னதான் செய்வது?

அளவு: தைத்து முடித்த கட்டம் 4 அங்குலம். அகலத்துக்கு 15, உயரத்துக்கு 21, மொத்தம் 315 கட்டம். போர்வை 60க்கு 84 வரும். வரிசை 21 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் பாதையின் ஒரு சாய்வு. 21 சாய்வுக்கு நடுவே சரியாக 20 திருப்பம். பாதை மட்டும் இரண்டு கட்ட அகலம், அது முழுவதும் முக்கோணக் கட்டங்கள் (பாதி வெள்ளை, பாதி பச்சை), 42. மிச்சம் 273 வெறும் சதுரம். இந்தக் கணக்கு பிடிபட்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. வடிவத்துக்காக ஒரு வளைவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தால் மாமா எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

சரி, ஆடியில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். முதல் முயற்சியில் ஒன்பது வளைவு தைத்தேன். ஒன்பதும் வீண். முனைகள் எல்லாம் யாரோ கத்தரித்த மாதிரி தட்டையாக இருந்தன. பாதைப் பட்டை ஓர் ஓரத்தில் அலை அலையாக எழும்பியது. தரையில் விரித்தால் படியவே இல்லை.

முதலில், துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே போடும் இணைப்புத் தையலைத்தான் சந்தேகப்பட்டேன். அது நியாயமான சந்தேகம்தான். நூல் என்று இங்கே சொல்வது அளவை: அங்குலத்துக்கு எட்டு நூல், கால் அங்குலம் இரண்டு நூல். தையல் அரை நூல் அதிகமாக உள்ளே போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு நூல் போச்சு. 21 வரிசைக்கு 20 இணைப்பு, அப்படியென்றால் 20 நூல், இரண்டரை அங்குலம்! ஒரு வளைவில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அதனால் 12 நூல் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, சேர்த்துத் தைத்து, நடுப்பட்டை சரியாக 8 நூல் வருகிறதா என்று பார்த்தேன். ஏழே கால்தான் வந்தது. கால் மெஷின் தட்டில் இன்சுலேஷன் டேப்பை மூன்று அடுக்கு ஒட்டி, ஊசியிலிருந்து இரண்டு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவாக வேலி கட்டினேன். இப்போது நடுப்பட்டை 8 வந்தது. ஆனாலும் முனை மழுங்கியது. அங்கேதான் நொந்துபோனேன். ஒன்றரை மாதம் பெட்டியை மூடிவிட்டேன்.

பதில் எங்கள் தெருவிலேயே இருந்தது. சேலம் பொன்னம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுத் தாத்தா ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். திண்ணையில் வைத்து நான் பிரித்துக்கொண்டிருந்த துண்டை வாங்கி, எதிரெதிர் மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தார். சேலைத் துண்டு ரப்பர் மாதிரி நீண்டது, திரும்பிப் பழைய அளவுக்கு வரவில்லை. "பாவுக்குக் கஞ்சி போடாம தறியில ஏத்துவாங்களா பாப்பா? இது நாப்பது வருசம் தொவச்ச துணி. இழையில உயிரே இல்ல. கஞ்சி போட்டுட்டு அப்புறம் வெட்டு" என்றார்.

அவ்வளவுதான். விடியற்காலையில் தெருவில் பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். இழைகள் நுழைந்து வரும் தறிப் பாகங்களான அச்சிலும் விழுதிலும் உரசும்போது இழை பிசிறாமல் இருக்கத்தான் அந்தக் கஞ்சி என்பதும் தெரியும். போர்வைத் துணிக்கும் அதேதான் வேண்டும் என்று தோன்றவே இல்லை. புதுத்துணியில் கடைக் கஞ்சியின் விறைப்பு இருக்கும். பழைய சேலையில் துளிகூட இருக்காது. சதுரம் வெட்டும்வரை தெரியாது, மூலைக்கு மூலை கிராஸாகத் தைக்கும்போதுதான் அது இஷ்டத்துக்கு இழுபடும்.

இந்தக் கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். என்னுடைய இரண்டு மாதத்தைத் தின்ற விஷயம் இது.

முதலில் வடிகஞ்சி போட்டுப் பார்த்தேன். வெள்ளை வேட்டிக்குப் பிரமாதம். அரக்குச் சேலையில் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மைதா இன்னும் மோசம், மழை நாளில் வாடையும் வந்தது. அப்புறம்தான் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் மற்றதைத் தேட வேண்டும் என்று உறைத்தது. ஜவ்வரிசிக்கும் மரவள்ளி மாவுக்கும் பேர்போன ஊர். 1981ஆம் ஆண்டிலிருந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே இங்கே நடக்கிறது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடுகூட வந்துவிட்டது. மரவள்ளி ஸ்டார்ச் வாங்கிக் காய்ச்சினேன். கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அரக்கிலும் கரும்பச்சையிலும் தடமே தெரியவில்லை.

அளவு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சேலை என்றால் இரண்டு டேபிள் ஸ்பூன், வேட்டி என்றால் ஒன்று போதும். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் கொதிக்கும் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கட்டி தட்டும். பால்நிறம் மாறித் தெளியும்வரை கிளறி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, சேலையை முக்கிப் பிழியாமல் ஒத்தி எடுக்க வேண்டும். ஒருமுறை நான்கு ஸ்பூன் போட்டேன். அட்டை மாதிரி நின்றது, மடித்த இடத்தில் இழையே ஒடிந்தது. நிழலில் முக்கால்வாசி காய்ந்ததும் மேலே ஒரு மெல்லிய துணி போட்டு இஸ்திரி போட வேண்டும். நேராக வைத்தால் பெட்டியின் அடியில் கஞ்சி தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். தேய்க்கும்போது இழுக்கவே கூடாது. பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், பாவு நேராகவும் ஊடை குறுக்காகவும் இருக்கிறதா என்று கரையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும்போது ஒற்றை அடுக்குதான். சேலையை நான்காக மடித்து ஒரே வெட்டாக வெட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். முக்கோணத்துக்கு 4⅞ போதும் என்பார்கள், நான் 5 அங்குலமே வெட்டினேன். வெள்ளை 21, பச்சை 21. ஜோடி சேர்த்து, குறுக்குக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தைத்து, நடுவில் வெட்டி, 4½க்குச் சீராக்கினால் 42. கோணத்தைச் சீராக்கும் அந்தக் கடைசி வெட்டில் கத்தி புதிதாக இருக்க வேண்டும். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) பிளேடு மழுங்கினால் துணியைத் தள்ளிக்கொண்டு போகும்.

பலன்: நேற்று பாதைப் பட்டையை அளந்தேன். வர வேண்டியது 84½. வந்தது 84 அங்குலம் 3 நூல். இருபது இணைப்பில் ஒரே ஒரு நூல்தான் குறைவு! இதை எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஓர் எச்சரிக்கை. கஞ்சித் துணியை வெட்டி வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். வேலை முடிந்ததும் முழுப் போர்வையையும் அலசிக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். அதற்காகவே சாயம் போகிற துணியை முன்பே களைய வேண்டும். அரக்குச் சேலையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தபோது சிவப்பு ஒட்டியது. கல்லுப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்றார்கள், எனக்கு நிற்கவில்லை. ஆறு முறை அலசிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

போன ஞாயிறு சித்தி வந்திருந்தாள். விரித்துக் காட்டினேன். கிளிப்பச்சைச் சதுரத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இந்தச் சீலைய எனக்குத் தர்றேன்னு அம்மா சொல்லிருந்துச்சு!" அம்மா உடனே, "உனக்குச் சொன்னது ராமர் பச்சை, இது என் சீமந்தத்துக்குக் கட்டுனது" என்றாள். அரை மணி நேரம் நடந்தது அந்த வழக்கு. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். கடைசியில் அந்தச் சேலையில் மிச்சமிருந்த துணியில் ஒரு தலையணை உறை சித்திக்கு என்று தீர்ப்பானது. போகும்போது சித்தி அந்தச் சதுரத்தை முகர்ந்து பார்த்தாள். கஞ்சி வாசம்தான் வந்திருக்கும். "அம்மா வாசம்" என்றாள்.

ஒரு சதுரத்தில் வாழைக்கறை இருக்கிறது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அதை ஒதுக்கவில்லை, பதினெட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரியும்படி வைக்கப் போகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்களின் ஒட்டுப்போர்வைகள் பேர்பெற்றவை. ஆறு வளைந்து சுற்றும் இடம் என்பதால் ஊர்ப் பெயரிலேயே வளைவு இருக்கிறது. அங்கே மிசௌரி பெட்வே என்பவர், கணவர் இறந்த பிறகு 1942இல், அவருடைய வேலை உடுப்புகளையே வெட்டிப் போர்வை தைத்தார். அதன் படத்தில் வெளிறிய இடமும் கறையும் அப்படியே தெரியும். அந்தப் படம் பார்த்த பிறகுதான் டிரங்குப் பெட்டியில் கத்தரி வைக்க எனக்குத் தைரியம் வந்தது.

உள் அடுக்குக்குப் பாலியெஸ்டர் வாடிங் (பஞ்சு விரிப்பு) வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மலையில் மழைக்காலத்தில் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாது, தடித்த போர்வை துவைத்தால் காயாமல் முடைநாற்றம் எடுக்கும். ஒரு பழைய பருத்திப் போர்வை நடுவில், அடியில் காடா (வெளுக்காத பருத்தித் துணி). காடாவை வாங்கியதும் வெந்நீரில் ஒருமுறை நனைத்து எடுங்கள், சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும். சின்னக் கடைவீதிப் பக்கம் கேட்டால் அகலக் காடா கிடைக்கிறது, நடுவில் ஒட்டுத் தேவைப்படாது. மலைக்குப் பச்சை போதாவிட்டால் சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளை போய் வெட்டுத்துணி தேடலாம் என்று நினைத்தேன். ஆனால் அங்கே பெரும்பாலும் பளபளப்புச் சேலைகள், இந்த நூல் சேலைகளுடன் சேராது.

மூன்று அடுக்கையும் கையால் ஓட்டுத் தையல் போட்டுத்தான் சேர்க்கப் போகிறேன். வங்காளத்துக் காந்தாப் போர்வைகளில் பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்களாம். அதையும் ஒரு துண்டில் செய்து பார்த்தேன். ஓர் இழை அறுந்து அறுந்து போனது. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, தேன்மெழுகில் இழுத்த பிறகு நின்றது. ஒரு முழ நூலுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. பாதையின் இரண்டு ஓரத்துக்கு மட்டும் அந்த நூல், மற்றதற்குக் கடை நூல். விரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் மாட்டும் உறை) இல்லாமல் காடாவையும் போர்வையையும் குத்த முடியாது, என்னுடையது தளர்வாக இருக்கிறது. பக்கத்துத் தெரு டெய்லரிடம் பழைய இரும்பு ஒன்று இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.

அடுத்ததாக, ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழிப் பாதையையும் ஒரு போர்வையாக்கலாம் என்று ஆசை. அதற்கு அப்பாவின் சட்டைகள். ஆனால் அதற்கு முன் 273 சதுரத்தில் இன்னும் 94 வெட்ட வேண்டும். தை பிறப்பதற்குள் மாமாவிடம் கொடுத்தாக வேண்டும், அங்கே இப்போதே ராத்திரியில் இரண்டு கம்பளி போதவில்லையாம்.

பாதைப் பட்டையின் படத்தை அனுப்பியதும் மாமா போன் செய்தார். எண்ணிப் பார்த்துவிட்டாராம், இருபதும் இருக்கிறது. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது பதினான்காவது வளைவில் தாத்தா லாரியை ஓரங்கட்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவாராம். சின்னப் பையனாக மாமாதான் குடம் தூக்கிக்கொண்டு ஓடுவார். "அந்த எடத்துல ஒரு நீலப் புள்ளி வெச்சிரு பாப்பா" என்றார்.

நீல நூல் இருக்கிறது. கீழிருந்து எண்ணிப் பதினான்காவது முனையில் பென்சிலால் குறித்து வைத்துவிட்டேன்.