வாஷிங்டனில் ஒரு தங்கக் காசும் அதன் சோதனை அச்சும்

ஃபெடரல் டிரையாங்கிள் மெட்ரோ நிலையத்திலிருந்து அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகம் சில நிமிட நடைதான். கட்டணம் இல்லை, பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள். நாணயக் கூடத்துக்குப் பெட்டகக் கதவு வழியாக நுழைய வேண்டும். கூட்டமெல்லாம் 1933 இருபது டாலர் தங்கக் காசைச் சுற்றித்தான். அதன் வழக்கும் விலையும் ஊரறிந்த கதை. அந்த வடிவம் பிறந்த விதம் அதைவிடச் சுவையானது.

நாட்டின் காசுகள் படு அசிங்கமாக இருப்பதாக ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1904 டிசம்பரில் நிதியமைச்சருக்கு எழுதினார். பழைய கிரேக்கக் காசுகளைப் போல உருவம் நன்றாகப் புடைத்து நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. வேலை சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸிடம் போனது.

1907 தொடக்கத்தில் பிலடெல்பியா நாணயச்சாலை இந்த இருபது டாலர் வடிவத்தின் சோதனைக் காசுகளை அடித்தது. 34 மி.மீ. விட்டம், 33.4 கிராம், பத்தில் ஒன்பது பங்கு தங்கம். காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சின் பள்ளம் அவ்வளவு ஆழம் என்பதால் ஒரே அழுத்தில் உலோகம் அடிவரை போய் நிரம்பாது. அழுத்த அழுத்தத் தங்கம் இறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் காசை வெளியே எடுத்து, சிவக்கக் காய்ச்சி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் முக்கி, பழைய இடத்திலேயே பிசகாமல் பொருத்தி மறுபடி அழுத்த வேண்டும். இப்படி ஒன்பது முறை வரை! பதக்கத்துக்குச் சரி, புழக்கக் காசுக்கு ஆகுமா?

விட்டத்தை 27 மி.மீ. ஆகக் குறைத்து, தடிமனைக் கூட்டியும் பார்த்தார்கள். அது பத்து டாலர் காசின் விட்டம். சட்டம் இடம் தரவில்லை. அடித்தவற்றை உருக்கிவிட்டார்கள். தப்பிய இரண்டும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.

ஆகஸ்டில் செயின்ட் காடன்ஸ் இறந்தார். அடுத்து வந்த, புடைப்பு சற்றுக் குறைந்த காசுக்கும் மூன்று அழுத்து தேவைப்பட்டது. அச்சுக்கும் காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்கும் இடையே தங்கம் பிதுங்கி, ஓரத்தில் மெல்லிய செதிலாக நின்றது. தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் புடைப்பைத் தட்டையாக்கிய பிறகே ஓர் அழுத்தில் ஒரு காசு வந்தது. கலையைக் கெடுத்தவர் என்று அவரைத் திட்டுவது வழக்கம். ஆனால் வங்கியில் அடுக்கி வைக்க முடியாத காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காட்சிப் பெட்டிகளில் காசுகளை மாற்றி வைப்பதுண்டு. புறப்படுமுன் அருங்காட்சியக இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு MCMVII என்று ரோமன் எண்ணில் இருந்தால் புடைப்பு மிகுந்த வகை. 1907 என்றிருந்தால் பார்பர் தட்டையாக்கியது.