ஸ்ட்ராபெரிக்கு பயோஸ்டிமுலன்ட் கொடுப்பதற்கு முன்னால்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் குடிலில், ஸ்ட்ராபெரி போடுகிறவர்கள் அடிக்கடி கேட்பது, கடல்பாசி டானிக் அடித்தால் காய்ப்பு கூடுமா என்பதுதான். கூடும், ஆனால் எல்லாத் தோட்டத்திலும் இல்லை.

பயோஸ்டிமுலன்ட் என்பது உரம் கிடையாது. கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், கைட்டோசான், நன்மை செய்யும் நுண்ணுயிர் எல்லாம் இதில் அடக்கம். வேரை நன்றாக ஓடவிட்டு, நாம் கொடுக்கிற சத்தைச் செடி முழுசாக எடுத்துக்கொள்ளவும், வெயில், குளிர், உப்பு எதுவானாலும் தாங்கி நிற்கவும் உதவுவதுதான் அதன் வேலை. சத்தே கொடுக்காமல் இதை மட்டும் அடித்தால் செடி எதை எடுக்கும்?

அதனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஸ்ட்ராபெரிக்கு வேர் மேலாகத்தான் ஓடும், உப்பு ஆகவே ஆகாது, சொட்டுநீரில் போகிற கரைசலின் இசி, அதாவது உப்பின் அளவைக் காட்டும் அளவீடு, ஏறினால் இலை ஓரம் கருகி காய் சிறுத்துவிடும். அப்புறம் மகரந்தச் சேர்க்கை. பழத்தின் மேல் விதை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, உண்மையில் அதுதான் கனி. அது சூல் பிடிக்காத இடத்தில் சதை வளராது, பழம் கோணிப்போகும். மூடிய குடிலுக்குள் தேனீ வர வழியில்லை என்றால் எந்த டானிக்கும் அந்தக் கோணலை நிமிர்த்தாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் நான் தைரியமாகப் பணம் போடச் சொல்வது நடவுச் சமயத்தில். நாற்று வேர் பிடிக்கும்போது சொட்டுநீரில் ஹியூமிக், பூ எடுக்கும் முன் காலையில் கடல்பாசித் தெளிப்பு. நம் மண்டபம் கடலில் வளர்க்கிற கப்பாபைக்கஸ் பாசியின் சாறே இதற்குக் கிடைக்கிறது. இலையில் வெள்ளைப் பொடி மாதிரி படியும் சாம்பல் நோய் தொல்லை இருக்கும் குடிலில் சிலிக்காவும் நல்ல துணை, ஆனால் நோய் வருமுன் கொடுக்கணும், கால்சியத்தோடு ஒரே டேங்கில் கலக்கவே கூடாது.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 2021இலேயே பயோஸ்டிமுலன்ட்டை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், உள்ளே என்ன, எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கணும். "காய்ப்பு இரட்டிப்பு" என்று மட்டும் போட்ட பாட்டிலைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, ஒரு பாத்தியை அடிக்காமல் விட்டுவைத்து, இரண்டிலும் பறிக்கிற பழத்தைத் தனித்தனியாக எடை போடுங்கள், பழத்தின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவும் பாருங்கள். ஒரு பறிப்போடு நிறுத்தாமல் சீசன் முடியும் வரை எழுதிவையுங்கள், அடுத்த வருடம் எந்த பாட்டிலை வாங்குவது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம்.