“கியர் பாக்ஸ் போயிட்டு அண்ணாச்சி!”

திருநெல்வேலி குறுக்குத்துறை ஆத்துப் பாறையில் ரிமோட் வண்டி ஏறிக்கொண்டிருக்கிற வரை ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நின்றால் போதும். மோட்டார் ‘ங்ங்ங்’ என்று இரையும், சக்கரம் நாலும் அசையாது. தலை துவட்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சி, “பேட்டரி எறங்கிட்டுலே” என்பார். பேட்டரி இறங்கினால் மோட்டார் எப்படி இரையும் என்று யாரும் கேட்பதில்லை. பைக் கழுவ வந்தவர், “செயின் கழண்டிருக்கும் வே” என்பார். இதில் செயினே கிடையாது. வண்டிக்காரப் பையனோ முகம் செத்துப்போய், “கியர் பாக்ஸ் போயிட்டு அண்ணாச்சி” என்று தீர்ப்பே சொல்லிவிடுவான்.

பெரும்பாலும் போயிருக்காது. 3, 4 மி.மீ. நீளத்தில் ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத குட்டி ஸ்க்ரூ) தளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

வண்டியைத் தூக்கிப் பிடித்து, த்ராட்டிலை லேசாகத் தொட்டு, அடியில் முன்னும் பின்னும் போகிற டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் பாருங்கள். இரண்டுமே சுற்றவில்லை என்றால் கோளாறு மேலே: பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்), ஸ்பர் (அதோடு சேரும் பெரிய பல்சக்கரம்), ஸ்லிப்பர் (இழுப்பு மீறினால் நழுவிக்கொடுக்கும் கிளட்ச்), கியர் பாக்ஸ். ஷாஃப்ட் சுற்றி ஆக்சில் சுற்றவில்லை என்றால் ஷாஃப்டின் நுனி ஸ்க்ரூ, இல்லாவிட்டால் ஆக்சிலுக்குள்ளே கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி. ஒரே ஒரு சக்கரம் மட்டும் சும்மா நின்றால் ஹெக்ஸுக்கு (சக்கரம் உட்காரும் அறுகோணத் துண்டு) பின்னால் குறுக்கே போகிற சின்ன பின் விழுந்திருக்கும். அது ஆத்து மணலில் விழுந்தால் விழுந்ததுதான். நாலு பின் உபரியாகக் கையில் வைத்திருப்பது நல்லது. கை உள்ளே போகும் முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ரிமோட்டை யாராவது பொடியன் எடுத்து அமுக்குவான், நிச்சயம்.

ஒரு விதிவிலக்கு. டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற வண்டிகளில் டிஃப் லாக்கை (ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுற்றவைக்கும் பூட்டு) ரிமோட்டிலேயே போடலாம், எடுக்கலாம். லாக் எடுத்திருக்கும்போது அந்தரத்தில் தொங்கும் சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றும், தரையில் இருப்பது நிற்கும். அது பழுதே இல்லை. ஸ்விட்சைத் தட்டாமல் ஆக்சிலைப் பிரித்துப் பாறையில் பரப்பி வைத்தால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

பினியனுக்கு வருவோம். 540 மோட்டாரின் 3.17 மி.மீ. தண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். கிரப் ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல்தான் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கம் இறுக்கினால் வீட்டில் ஓடும், பாறையில் வழுக்கும். தண்டின் நுனியில் தட்டை இருக்கும் பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் தேட வேண்டாம். எம்3 கிரப்புக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ, எம்4-க்கு 2 மி.மீ. மட்டமான கீயைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் குழி வட்டமாகிவிடும், பிறகு ஒன்றும் பிடிக்காது.

ஸ்க்ரூ தளராமல் பிடித்துவைக்கும் பசையான லாக்டைட் நீலம், ஒரு சொட்டு. அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் போனால் சில வகை வெடித்துவிடும். சிவப்பு லாக்டைட் போட்ட மகராசன் யாராவது இருந்தால், சால்டரிங் இரும்பின் முனையை ஸ்க்ரூவில் வைத்துச் சூடேற்றித்தான் கழற்ற வேண்டும்.

மோட்டாரை மறுபடி பூட்டும்போது பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே நோட்டுக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, அழுத்தி வைத்து, மோட்டார் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவுங்கள். விரலால் ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பர் எப்போதும் சுத்த வட்டமாக இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் மோட்டார் கொதிக்கும், தொளதொளத்தால் ஸ்பரின் பல் மொட்டையாகும்.

பினியன், ஸ்பர் இரண்டும் சரி, ஆனாலும் மேட்டில் இழுக்கவில்லையா? ஸ்லிப்பர் நழுவுகிறதா என்று பாருங்கள். ஸ்பரிலிருந்து பக்கத்துத் தகடு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, ஒரு ஏற்றம் ஏற்றிவிட்டுப் பார்த்தால், நழுவியிருந்தால் கோடு முறிந்திருக்கும். நட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கினால் போதும்.

‘டக் டக்’ சத்தம்தான் ஆளைக் குழப்பும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் மட்டும் வருகிறதா? முன் ஆக்சில் ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்குகிறது; ரிமோட்டில் ஸ்டீயரிங் எல்லையைக் குறைத்தால் அடங்கும். நேராக ஏறும்போதே வருகிறதா? கிரவுன் பினியன் பல் தாண்டுகிறது. கிரவுனின் முதுகுப் பக்கம் 0.1 அல்லது 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்று கொடுத்து அதைப் பினியன் பக்கம் தள்ள வேண்டும். அதிகம் கொடுத்தால் இறுகிவிடும். சத்தமில்லாமல் வண்டி நடுங்கினால் டிரைவ் ஷாஃப்டின் இரண்டு நுனிக் கவைகளும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உருவி மாட்டும்போது ஒரு பல் மாறினாலே நடுக்கம் வரும்.

எங்கே இறுக்கம் என்று தெரியாவிட்டால், மோட்டாரை ஸ்பரிலிருந்து விலக்கிக் கையால் உருட்ட வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை பிடித்தால் கிரவுனோ ஆக்சிலோ. ஒரே சுற்றில் பல தடவை பிடித்தால் ஆக்சில் பினியனோ டிரைவ் ஷாஃப்ட்டோ.

தாமிரபரணித் தண்ணீரில் இறங்கின வண்டியை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஆக்சிலுக்குள் கிரீஸும் ஆத்து மணலும் சேர்ந்தால், ஒர்க்‌ஷாப்பில் வால்வு அரைக்கிற பேஸ்ட் மாதிரி பல்லைத் தின்னும். பிரித்து, துடைத்து, புதுசாக மெரைன் கிரீஸ் கிரவுனின் பல்லில் மட்டும் மெலிசாகத் தடவினால் போதும், அடைத்து வைக்க வேண்டாம்.

துருப்பிடித்த பேரிங்கை மாற்ற ஜங்ஷன் பக்கம் பேரிங் கடைக்குப் போனால் வேறு கூத்து. வேண்டியது 5×11×4 (உள்விட்டம், வெளிவிட்டம், கனம், மி.மீ.-இல்), அதாவது எம்ஆர் 115. கடைக்காரர் 685 இசட்இசட் எடுத்து நீட்டுவார், அது 5×11×5. “1 மி.மீ. தான வே, தட்டி ஏத்திரலாம்.” ஏற்றலாம், ஆக்சில் மூடி பொருந்தாது. மீறி ஸ்க்ரூவை முடுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கி, சக்கரம் கையாலேயே சுற்றாது. பழைய பேரிங்கைக் கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.