தலைக்குந்தா உறைபனியும் ஜன்னலோரப் பெரணியும்

மார்கழி பிறந்தாலே எனக்கு ஊட்டி ஞாபகம்தான். கூட்டம் அலைமோதும் மே மாதத்தைவிட இந்தக் குளிரில்தான் நீலகிரி அழகு. விடியற்காலையில் ஊட்டிக்கு அருகே இருக்கும் தலைக்குந்தா பக்கம் போய்ப் பாருங்கள். புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் உறைபனி. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் ஊசி ஊசியாகப் பனிப்படிகம். விரல் பட்டதும் கரைந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிக்கொள்ளும். அதனால்தான் மேட்டைவிடத் தாழ்வான புல்வெளியில் உறைபனி அதிகம். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

மலைக்குப் போக முடியாத நாட்களில் ஜன்னலோரச் செடிகள் போதும் எனக்கு. மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், ஒரு பெரணி (ஃபெர்ன்). குளிர்காலத்தில் செடி மெதுவாகத்தான் வளரும், தண்ணீரும் குறைவாகவே கேட்கும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். ஸ்நேக் பிளாண்ட் அழுகுவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான். பெரணி மட்டும் வேறு ரகம், மண் காயவே கூடாது. இன்று அதில் ஒரு புதுக் கொழுந்து, சுருண்டபடி, மேலெல்லாம் பழுப்பு ரோமத்தோடு எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை!

அப்புறம், காட்டுச் செடியைப் பிடுங்கி வராதீர்கள். நர்சரியிலேயே நல்ல பெரணி கிடைக்கிறது. சரி, தை மாதம் ஊட்டிக்கு யார் யார் வருகிறீர்கள்?