மேசைக்கு ஏற்ற சிறிய பிரிட்டிஷ் ஒலிபெருக்கி

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், வளவைச் (உள்முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளுள் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பப் பங்குக்கு, வந்த ஒன்றைத்தான் இப்போது வேலை அறையாக வைத்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், 14 அடி உயரக் கூரை ஆகிய மூன்றும் வெயில் காலத்தில் உடம்புக்குச் சுகமானவை. ஆனால் ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஒருமுறை கைதட்டினால் அந்த ஓசை சுவருக்குச் சுவர் அலைந்து, சற்று நேரம் கழித்தே அடங்கும். இந்த அறையில் மேசைமுன் அமர்ந்து பாட்டுக் கேட்க எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று இரண்டு ஆண்டுகள் தேடியதில் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்கிய ஜோடியைச் சென்னையில் ஒரு கடையில், கம்பளமும் கனத்த திரைகளும் நிறைந்த அறையில் கேட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். பின்பக்கம் போர்ட், அதாவது காற்று வந்துபோகும் துளை, வைத்த பெட்டி அது. வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவரை ஒட்டிய மேசையில் வைத்ததும், மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒவ்வோர் அடிக்கும் குடத்துக்குள் முழங்குவதுபோல் முழங்கியது. பாடுபவரின் சொற்கள் அந்த முழக்கத்தில் அமிழ்ந்துபோயின. தாழ்ந்த சுருதிகள் பெட்டியின் முன்பக்கம் மட்டும் போவதில்லை, எல்லாத் திசையிலும் பரவுகின்றன. பின்சுவர் அவற்றைத் திருப்பி அனுப்பும்போது அந்தப் பகுதி 6 டெசிபல் வரை உயரக்கூடும். மேசைப் பலகையும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளும். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஸ்டாண்டில் வைப்பதற்கென்று வடிவமைத்த பெட்டியை நான் தவறான இடத்தில் வைத்திருந்தேன்.

அதன்பிறகுதான் பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கி எப்படி உருவானது என்று தேடிப் படித்தேன். 1970களின் தொடக்கத்தில், வெளிப்புற ஒலிபரப்பு வேன்களிலும் சிறிய கட்டுப்பாட்டு அறைகளிலும் ஒலியைச் சரிபார்த்துக் கேட்கும் பெரிய மானிட்டர் பெட்டிகளை வைக்க இடமில்லாததால், பிபிசியின் பொறியாளர்கள் இதை வடிவமைத்தார்கள். உயரம் ஏறத்தாழ 30 செ.மீ., அகலம் 19, ஆழம் 16; போர்ட் இல்லாத மூடிய பெட்டி. கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கு) டி27 ட்வீட்டரும் (உச்ச ஒலிக்கு) அதில் இருந்தன. பெட்டியின் சுவரைத் தடிமனாக்கி அதிர்வை அடக்காமல், மெல்லிய பிர்ச் பிளைவுட்டின் உட்புறத்தில் அதிர்வை விழுங்கும் அட்டைகளை ஒட்டினார்கள். அந்த வடிவமைப்பை விளக்கும் ஆய்வறிக்கை 1976இல் வெளிவந்தது. அதை எழுதியவர்களுள் ஒருவரான டட்லி ஹார்வுட் அடுத்த ஆண்டே ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கினார்; ஸ்பெண்டாரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸும் பிபிசியில் பணியாற்றியவர்தான். ஓர் ஒலிபெருக்கி சரியாக இருக்கிறதா என்று அறிய, ஒருவர் நேரில் பேசுவதையும் அதே குரல் பெட்டி வழியாக வருவதையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிட்ட மரபு அது. மனிதக் குரலை அளவுகோலாக வைத்த அந்த முடிவே என்னை இந்தப் பெட்டிகளின் பக்கம் இழுத்தது. நம் சங்கீதத்துக்கும் குரல்தானே மூலம்.

ஆக, இது கை எட்டும் தூரத்தில் அமர்ந்து கேட்பதற்காகவே பிறந்த பெட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் இவற்றிலிருந்து எழும் ஒலி 83 டெசிபல் அளவுதான் என்பதால், எங்கள் பட்டாலையில் (பெரிய கூடத்தில்) வைத்தால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பேச்சிலேயே பாட்டு காணாமல் போய்விடும். மேசையிலோ 80 செ.மீ. தூரத்தில் இருபது, முப்பது வாட் ஆம்ப்ளிஃபயரே தாராளம். தூரம் பாதியானால் பெட்டியிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும், சுவர்களில் பட்டு வரும் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். என் அறையின் கல்லையும் சுண்ணாம்பையும் இடிக்காமலே எதிரொலியைப் பின்னுக்குத் தள்ள எனக்குக் கிடைத்த ஒரே வழி அருகில் அமர்வதுதான்.

மூடிய பெட்டியில் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஒரு எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபல் வீதம் மெல்லச் சரியும். போர்ட் வைத்த பெட்டியில் அது 24 வீதம் சட்டென்று விழும். சுவர் தரும் கூடுதல் பாஸ் முதல் வகையோடு இணங்கிப்போகிறது. எனவே மூடிய பெட்டியான ஹார்பெத் பி3இஎஸ்ஆர் ஜோடி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கெஃப் எல்எஸ்50இல் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே அமைந்திருப்பதால் மிக அருகில் கேட்க அது நல்லதுதான், ஆனால் அதற்கும் பின்பக்கம் போர்ட் உண்டு. கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் கியூ அக்கூஸ்டிக்ஸ் 3010i போன்றவற்றைப் பார்க்கலாம்; அதன் போர்ட்டை அடைக்க ஃபோம் துண்டுகளையும் உடன் தந்தார்கள்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகும் மேசை மிச்சம் இருந்தது. வூஃபர் பலகையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும், காது 45 செ.மீ. உயரத்திலும், இரண்டுக்கும் இடையே 75 செ.மீ. தூரமும் இருந்தால், பலகையில் பட்டு வரும் ஒலி நேராக வரும் ஒலியைவிடச் சுமார் 15 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதனால் 1100 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று குறைத்து, ஒலியில் ஒரு பள்ளம் விழுகிறது. குரலின் தெளிவு இருக்கும் இடம் அது. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய இரண்டு தேக்குத் துண்டுகளை, ஆசாரியிடம் கொடுத்து 15 செ.மீ. உயரத் தாங்கிகளாகச் செய்துகொண்டேன். அந்தப் பள்ளம் 600 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியது, ஆழமும் குறைந்தது. மேசையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி நகர்த்தி, பெட்டிகளுக்கு முன்னால் ஒரு கோரைப்பாயை மடித்துப் போட்டேன். பாயால் உச்சச் சுருதிகளின் கூர்மை சற்றே தணிந்தது, அவ்வளவுதான். முன்பக்க வலையைக் கழற்றவில்லை, ஏனெனில் இந்தப் பெட்டிகள் வலையோடு கேட்கவே வடிவமைக்கப்பட்டவை.

இரண்டு பெட்டிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கக் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் பழைய வீணைப் பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டேன். மோனோ பதிவு என்பதால் வீணை இரண்டு பெட்டிகளுக்கும் நட்ட நடுவில், குறுகலாக நிற்க வேண்டும், அப்படியே நின்றது. மந்தர தந்தியின் கார்வையில் அடிக்கனம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் விரல் தந்தியை இழுக்கும் கமகம் ஒவ்வொன்றும் பிரிந்து கேட்டது. வளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, அந்த ராகம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.